காட்டுக்குள் எவ்வளவு நீளக் கத்தி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையேற்றம் செல்வோர் உடன் எடுத்துச்செல்ல வேண்டிய பொருள்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தண்ணீர், விசில், கைவிளக்கு, முதலுதவிப் பொருள்கள் ஆகியவற்றைப் பற்றி அதில் சொல்லப்பட்டவை யாவும் சரியே. ஆனால், வழி தவறிக் காட்டில் மாட்டிக்கொண்டவர் உயிர் பிழைக்கக் குறைந்தது பத்து அங்குல அலகுள்ள கத்தி வேண்டும் என்று ஒரு பத்தியில் எழுதப்பட்டிருந்தது. முதுகில் வாள்பல் வெட்டிய பெரிய கத்தி ஒன்றின் படமும் உடன் வெளியாகியிருந்தது. மலையேறப் பழகும் இளைஞர்களுக்குக் கருவிகளைக் கையாளச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், அந்த அளவு மிகப் பெரும்பாலானோருக்குப் பொருந்தாது என்பதையும், நம் மாநிலக் காடுகளில் அது அவர்களை வம்பில் மாட்டிவிடக்கூடும் என்பதையும் தெரிவிக்க விரும்புகிறேன்.

காட்டுக்குக் கத்தி வாங்கக் கடைக்குப் போகிற ஒருவரின் மனத்தில் ஓடுவது பெரும்பாலும் கரடியும் சிறுத்தையும்தான். அந்த அச்சமே நீளமான கத்தியை நோக்கிக் கையை நீட்ட வைக்கிறது. விலங்கு பாய்கிற நிலை வந்துவிட்டால் நான்கு அங்குலத்துக்கும் பத்து அங்குலத்துக்கும் பெரிய வேறுபாடு எதுவும் இருக்கப்போவதில்லை என்பதால், அந்தக் கணக்கை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். வழி தவறியவர் ஓர் இரவையோ இரண்டு இரவுகளையோ காட்டில் கழிக்கும்போது கத்தி செய்ய வேண்டிய வேலைகள் வேறு: ஈர விறகின் உள்ளிருந்து காய்ந்த சிராய்களைச் சீவி எடுப்பது, கயிற்றை அறுப்பது, கூரைத்துணியை இழுத்துக் கட்ட முளைக்குச்சி செதுக்குவது, கட்டுப்போடத் துணியைக் கிழிப்பது, கிடைத்தால் ஒரு மீனைச் சுத்தம் செய்வது. இவற்றுள் ஒன்றுகூட ஓங்கி வெட்டும் வேலை இல்லை. எல்லாமே விரல்களுக்கு அருகில், கண்பார்வையின் கட்டுப்பாட்டுக்குள் நடக்கும் வேலைகள்.

சிராய் சீவுவதையே எடுத்துக்கொள்வோம். காய்ந்த குச்சி ஒன்றின் அடியைத் தரையில் ஊன்றி, அலகைக் குச்சியோடு ஒட்டினாற்போல் சாய்த்து, மெல்லிய சுருள் அறுபடாமல் குச்சியிலேயே தொங்கி நிற்கும்படி மேலிருந்து கீழாக இழுத்துவர வேண்டும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு சுருள்கள் ஒரே குச்சியில் சேர்ந்துவிட்டால் ஒரு தீக்குச்சியிலேயே நெருப்புப் பற்றிக்கொள்ளும். இந்த வேலைக்கு வலிமை தருவது பிடியை ஒட்டிய முதல் இரண்டு அங்குலக் கூர்தான். கை அதற்கு மிக அருகில் இருப்பதால் கோணத்தை இம்மி பிசகாமல் வைத்துக்கொள்ள முடிகிறது. பத்து அங்குலக் கத்தியிலோ, மீதி எட்டு அங்குல இரும்பும் முன்பக்கம் தொங்கிக்கொண்டு மணிக்கட்டைக் கீழே இழுக்கும். ஒன்றிரண்டு சுருளுக்குப் பிறகு கோணம் தவறி, சுருள் அறுந்து விழும். களைத்துப்போய், குளிரில் விரல் விறைத்திருக்கும் ஒருவர் கையில் அந்தக் கத்தி குச்சியிலிருந்து வழுக்கினால், அது போய் நிற்கும் இடம் பெரும்பாலும் தொடையோ முழங்காலோதான். உட்கார்ந்த நிலையில் இரு தொடைகளுக்கு இடையே கத்தியை ஓட்டக்கூடாது என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், உள்தொடையில் ஓடும் பெரிய இரத்தக்குழாய்.

பெரிய கத்திக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரே வலுவான வாதம் விறகு பிளப்பது. அதையும் அளந்து பார்த்துவிடுவது நல்லது. கத்தியை விறகின் தலையில் குறுக்காக வைத்து, அலகின் முதுகில் தடியால் அடித்து இறக்கும் முறையில், விறகின் மறுபக்கம் அலகின் முனை நான்கைந்து செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் தொடர்ந்து அடிக்க முடியும். எனவே 10 செ.மீ. அலகால் ஐந்தாறு செ.மீ. தடிமனுள்ள விறகைப் பிளக்கலாம். நெருப்பைத் தொடங்கி வளர்க்க அதற்கு மேல் தடித்த கட்டை தேவையே இல்லை. எரியத் தொடங்கிய பிறகு முழுக் கட்டையை அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டே போகலாம். கட்டாயம் தடித்த கட்டையைப் பிளந்தே ஆக வேண்டுமென்றால், சின்னக் கத்தியால் இரண்டு மர ஆப்புகளைச் சீவிக்கொண்டு, கத்தி போட்ட கீற்றில் அவற்றை அடித்து இறக்கினால் போதும். கிராமத்தில் விறகு உடைத்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

சரியான அளவு எது என்று என்னைக் கேட்டால், அவரவர் உள்ளங்கையின் அகலமும் அதற்கு மேல் ஒரு விரற்கடையும், அதாவது ஏறத்தாழ நான்கு அங்குலம் என்பேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பின்லாந்தின் மரபுக் கத்தியான புக்கோவின் அலகு பொதுவாக உள்ளங்கை அகலத்தை ஒட்டியே அமைகிறது. சுவீடனின் மோரா நகரத்துக் கத்திகளில் உலகெங்கும் அதிகம் புழங்குபவையும் 10 செ.மீ. அளவையொட்டியவையே. கடுங்குளிரைச் சமாளிப்பதே வாழ்க்கையாக இருந்த மக்கள் தேர்ந்த அளவு அது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அதே வடபுலத்தில் கலைமான் மேய்க்கும் சாமி மக்களிடம் ஏறத்தாழ ஒரு சாண் நீள அலகுள்ள பெரிய கத்தியும் உண்டு. பிர்ச் மரக்கிளைகளைத் தறிக்கவும் கூடாரக் கம்புகளை வெட்டவும் அதை வைத்திருக்கிறார்கள். ஆனால், நுண்வேலைக்கென்று சிறிய கத்தி ஒன்றும் கூடவே இடுப்பில் இருக்கும். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் அவர்கள் கேட்பதில்லை.

இன்னும் பழைய சான்று ஒன்றும் உண்டு. ஆஸ்திரியா, இத்தாலி எல்லையில் உள்ள ஆல்ப்ஸ் பனிமலையில் 1991ஆம் ஆண்டு செப்டம்பரில் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர் ஒருவரின் உடல் பனிக்குள் கெடாமல் கிடைத்தது. ஏட்சி என்று இன்று அழைக்கப்படும் அவரிடம் இருந்த சிக்கிமுக்கிக் கல் கத்தி, மரப்பிடியையும் சேர்த்தே 13 செ.மீ. அளவுதான். வெட்டும் வேலைக்கு அறுபது செ.மீ. காம்பு போட்ட செப்புக் கோடரி ஒன்று தனியாக இருந்தது. மலையில் தனியே நடந்த அந்த மனிதர் சீவுவதற்கு ஒன்று, வெட்டுவதற்கு ஒன்று என்று பிரித்து வைத்திருந்ததை, இரண்டையும் ஒரே இரும்பில் அடக்கப் பார்க்கும் நம் கடைக்காரர்கள் ஒருமுறை பார்ப்பது நல்லது.

அப்படியானால் பெரிய கத்தி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு, 1980களின் ஆங்கிலப் படங்களிலிருந்து வந்தது; பிடி உள்ளீடற்ற குழாயாக இருந்து, அதற்குள் தூண்டிலும் தீக்குச்சியும் அடைத்து வைக்கும் கத்திகள் அப்போதுதான் பரவின. பிடி குழாயாக இருந்தால் அலகின் இரும்பு பிடிக்குள் முழுவதும் செல்ல முடியாது. ஆகவே விறகின் மேல் வைத்து நாலு அடி அடித்ததும், மலிவான கத்திகள் பிடியும் அலகும் சேரும் இடத்தில் முறிந்துவிடுகின்றன. மறு பங்கு, இராணுவத்திலிருந்து வந்தது. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் 1942 முதல் ஏந்திய ஏழு அங்குலக் கத்தி, போரிடுவதையும் கருத்தில் கொண்டு செய்யப்பட்டது. அதே நாட்டு விமானிகளுக்கு விபத்தில் தப்பிப் பிழைப்பதற்கென்று பின்னாளில் தரப்பட்ட கத்தியின் அலகோ ஐந்து அங்குலம்தான். அதன் முதுகில் உள்ள பற்கள் விமானத்தின் அலுமினியத் தகட்டைக் கிழித்து வெளியேறுவதற்காக வைக்கப்பட்டவை. அவற்றால் மரத்தை ஒழுங்காக அறுக்க முடியாது. தங்கள் கட்டுரையோடு வந்த படத்தில் இருந்த பற்களும் அதே மரபில் வந்தவைதாம். விறகை அறுக்க வேண்டுமென்றால் தோட்டத்துக் கிளை வெட்டும் மடக்கு ரம்பத்தை எடுத்துக்கொள்ளலாம். பத்து அங்குலக் கத்தியின் பாதி எடைகூட இராது.

நீளக் கத்தி இன்றியமையாத இடமும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. மலேசியா, போர்னியோ போன்ற மழைக்காடுகளில் கொடியும் பிரம்பும் மூங்கிலும் பின்னிக் கிடக்கும்போது, நான்கு அங்குலக் கத்தியால் ஓரடிகூட முன்னேற முடியாது. அங்கே கிளைகள் பசுமையாகவும் நெகிழ்வாகவும் இருப்பதால், கோடரியைவிட வீசி வெட்டும் நீண்ட அலகுதான் எடுபடும். மலேசியத் தோட்டங்களில் வேலை செய்த நம்மவர்கள் நன்கறிந்த பாராங் என்னும் வெட்டுக்கத்தி ஓரடியும் அதற்கு மேலும் நீண்டிருப்பது இதனால்தான். ஆனால், அது பயிற்சியுள்ள கைக்குரிய கருவி; எந்தக் கொடியை எந்தச் சாய்வில் வெட்டினால் கத்தி தன் பக்கம் திரும்பாது என்று சிறுவயது முதல் பார்த்துப் பழகியவர்கள் அதை வீசுகிறார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்ணிச்செடிப் புதரை வெட்டி வழி எடுக்கும் பழங்குடி வழிகாட்டிகள் அரிவாளை வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, நகரத்திலிருந்து போகிறவர் தாமும் ஒன்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று எண்ணுவது ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தங்கள் கட்டுரை தொடவே இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இல் ‘ஆயுதம்’ என்பதற்குள் கத்தியும் அடங்கும். அச்சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அதிகாரம் பெற்ற அலுவலரோ எழுத்து மூலம் முன்னரே அனுமதி தராமல் ஒரு சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக்கூடாது. தேசியப் பூங்காவுக்கும் இதுவே பொருந்தும். இந்த இடத்தில் நான்கு அங்குலம், பத்து அங்குலம் என்ற பேச்சுக்கே வழியில்லை. முதுமலைக்கோ ஆனைமலைக்கோ போகிறவர் கத்தியைப் பையில் வைப்பதற்கு முன் அனுமதியைப் பற்றி வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைத் தவிர, ஆயுத விதிகளின் அட்டவணையில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுள்ள கத்திகள், வீட்டு உபயோகம், வேளாண்மை போன்றவற்றுக்கென்று செய்யப்பட்டவை நீங்கலாக, வாள், ஈட்டி முதலியவற்றோடு ஒரே வகையில் வைக்கப்பட்டுள்ளன. கட்டுரை பரிந்துரைத்த பத்து அங்குலம் அந்த எல்லையையும் தாண்டிவிடுகிறது. அரசே 2024இல் நாற்பது மலையேற்றப் பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்துவிட்ட பிறகு, அத்தகைய பாதையில் போகிறவருக்குக் கத்தியின் தேவையே மிகக் குறைவு என்பதும் என் எண்ணம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்களுக்கு எந்த நீளக் கத்தியாலும் பயன் இருந்திருக்காது.

உரிய அனுமதியோடு, அல்லது அத்தகைய கட்டுப்பாடு இல்லாத நாடுகளில், கத்தி எடுத்துச்செல்கிறவர்கள் நீளத்தைவிடக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அலகின் தடிமன் மூன்று மி.மீ. அளவில் இருந்தால் சீவவும் வரும், தடியால் அடித்தால் தாங்கவும் செய்யும், ஆறு மி.மீ. போனால் அது உளி போலப் பிளக்குமே தவிரச் சீவாது. அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடுகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். பிடி நான்கு விரலையும் கொண்டு, சற்றே மிச்சமிருக்கும் நீளத்தில் இருக்க வேண்டும். அலகு சிறிதாயிற்றே என்று பிடியையும் சிறிதாக்கிய கத்திகள், ஈரக் கையில் நிற்பதில்லை. முதுகின் விளிம்பு மழுங்காமல் செங்கோணமாக இருந்தால், உரசினால் பொறி பறக்கும் தீப்பொறிக் கம்பியை அதிலேயே உரசலாம், கூர் கெடாது. மேலும், நூறு நூற்றைம்பது கிராம் எடையுள்ள கத்தி நாள் முழுவதும் இடுப்பில் இருந்தாலும் உறுத்தாது. அரைக் கிலோ கத்தியை முதல் ஏற்றத்திலேயே கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார்கள். ஆற்றில் பை அடித்துக்கொண்டு போகும்போது கத்தியும் சேர்ந்து போய்விடும்.

கூர்தான் எல்லாவற்றுக்கும் மேலானது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2003ஆம் ஆண்டு, மலைப்பிளவு ஒன்றில் பாறை உருண்டு வலது கை சிக்கிக்கொண்ட ஆரன் ரால்ஸ்டன், ஐந்து நாள்களுக்கு மேல் போராடிய பின், மலிவான பல்பயன் கருவியில் இருந்த சின்னஞ்சிறு மழுங்கிய கத்தியால் தம் கையையே அறுத்து வெளியேறினார். அந்தக் கத்தியால் எலும்பை அறுக்க இயலாமல், முதலில் கையை முறுக்கி எலும்பை ஒடிக்க நேர்ந்தது. அவருக்கு அன்று இன்னும் ஆறு அங்குலம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. சாணை பிடித்த இரண்டு அங்குலம் கிடைத்திருந்தால் வேதனையில் ஒரு பகுதியாவது குறைந்திருக்கும்.

வெளிநாட்டுக் கத்திக்குப் பணம் செலவழிக்க இயலாதவர்கள், லாரியின் வில்பட்டை இரும்பில் அரிவாள் அடிக்கும் கொல்லரிடமே நான்கு அங்குலக் கத்தி ஒன்றை அடித்து வாங்கலாம். பட்டை இயல்பாகவே தடிமனானது என்பதால், மூன்று மி.மீ. அளவுக்குத் தட்டி மெலிதாக்கித் தருமாறு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இத்தகைய இரும்பு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும்; துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசி வைத்தால் போதும்.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, கோடை விடுமுறைப் பயணத்துக்காகப் பத்து அங்குலக் கத்தி வாங்க நினைத்திருக்கும் வாசகர்கள் இருக்கக்கூடும். ஆகையால், அலகின் அளவைப் பற்றிய திருத்தத்தையும், சரணாலயங்களுக்குள் கத்தி கொண்டுசெல்ல எழுத்து மூலமான அனுமதி தேவை என்னும் குறிப்பையும், கட்டுரை வெளியான அதே இணைப்புப் பக்கத்தில் விடுமுறைக்கு முன்பே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
பொள்ளாச்சி