மூன்றும் நான்கும் ஐந்தாகும் கணக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் விடைத்தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். வெக்டர் (அளவோடு திசையும் உள்ள அளவை) கூட்டலில் பல பிள்ளைகள் ஒரே இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். கிழக்கே 3 மீட்டர், பிறகு வடக்கே 4 மீட்டர் நடந்தவரின் இடப்பெயர்ச்சி எவ்வளவு என்பது கேள்வி. 7 என்று எழுதியிருக்கிறார்கள். நடந்த தொலைவு 7 மீட்டர்தான். ஆனால் இடப்பெயர்ச்சி என்பது புறப்பட்ட இடத்திலிருந்து நேராக அளப்பது; அது 5 மீட்டர், அதுவும் கிழக்கிலிருந்து வடக்குப் பக்கமாக ஏறக்குறைய 53 டிகிரி சாய்ந்து. திசையை விட்டுவிட்டு 5 என்று மட்டும் எழுதினாலும் விடை பாதிதான்.

இதற்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். மூன்றும் நான்கும் ஏழு என்று சின்ன வயதிலிருந்து பழகிய கை அது. நிறை, நேரம் போன்ற, திசை இல்லாத ஸ்கேலர்களுக்கு அந்தக் கூட்டலே போதும். விசைக்கும் திசைவேகத்துக்கும் போதாது. 3 நியூட்டனும் 4 நியூட்டனும் சேர்ந்தால், இடையிலுள்ள கோணத்தைப் பொறுத்து 1 முதல் 7 வரை எதுவும் வரலாம்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். இரண்டு கைப்பிடி உள்ள கனமான பை ஒன்றை எடுங்கள். ஒரு பிடி உங்களுக்கு, மற்றது பிள்ளைக்கு. ஒட்டி நின்று தூக்கினால் ஆளுக்குப் பாதிப் பாரம். அப்படியே மெல்ல விலகி நில்லுங்கள். பை அதேதான், ஆனால் கை கடுக்கத் தொடங்கும். இரு பிடிகளுக்கும் இடைப்பட்ட கோணம் 120 டிகிரியை எட்டும்போது, ஒவ்வொருவரும் பையின் முழு எடைக்குச் சமமாக இழுத்துக்கொண்டிருப்பீர்கள்! பக்கவாட்டு இழுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. மேல்நோக்கிய கூறு மட்டுமே பையைத் தாங்குகிறது. ஏன் கனத்தது என்று பிள்ளையிடமே கேளுங்கள். விளக்கம் திக்கித் திக்கி வந்தாலும் சரி, காத்திருந்து கேளுங்கள்.

அப்புறம், வீட்டுப்பாட நோட்டில் வெக்டர்களை அம்புகளாக வரைந்த படம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். கூட்டும்போது முதல் அம்பின் தலையில் இரண்டாம் அம்பின் வால் தொட வேண்டும். இரண்டையும் ஒரே புள்ளியில் தொடங்கி, தலைகளை மட்டும் இணைத்தால் கிடைப்பது கூட்டல் அல்ல, கழித்தல். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இதில் தடுமாறுகிறார்கள்.

சூத்திரத்துக்குப் போகுமுன் எல்லோரும் வரைந்து, அளந்து பார்க்கட்டும் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் வரைபடத்தாள், அளவுகோல், கோணமானி மூன்றையும் கொடுத்து அனுப்புங்கள். வாங்க இயலாதவர்கள் தயங்காமல் சொல்லுங்கள், பள்ளியிலேயே தருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்