ஹிம்மெல் இறந்து எத்தனை வருடம்? – ‘ஃப்ரீரென்’ கலைக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மேட்ஹவுஸ் ஸ்டூடியோவில் ‘ஃப்ரீரென்’ என்ற ஜப்பானிய அசைபடத் தொடரின் (அனிமே) இரண்டாம் சீசனை உருவாக்கிவரும் இயக்குநர் தொமோயா கிதாகவா அவர்களுக்கும் கலைக்குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

புதிய சீசனின் முதல் அங்கம் ஜப்பானில் ஒளிபரப்பான 2026 ஜனவரி 16ஆம் திகதி, எங்கள் ஊரில் பட்டிப் பொங்கல் நாள். மாடுகளைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு, பொங்கலும் படைத்து, வீடு ஓய்ந்த பிறகே அதைப் பார்க்க அமர்ந்தேன். 2024 மார்ச் 22இல் 28ஆவது அங்கத்துடன் முதல் சீசன் நிறைவுற்றதிலிருந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்த எனக்கு, அன்று மகிழ்ச்சியை விடப் பயமே கூடுதலாக இருந்தது. முதல் சீசனை இயக்கிய கெய்ச்சிரோ சைதோ அவர்கள் இம்முறை இயக்கத்துக்குத் துணை நிற்பவராக மட்டுமே இருப்பார் என்று அறிந்த நாள் முதலாக, கதையின் நிதானம் கைமாறும்போது சிந்திவிடுமோ, சண்டைகள் பெருகி மற்றெல்லாவற்றையும் விழுங்கிவிடுமோ என்ற கவலை எனக்கு இருந்து வந்தது.

முதல் அங்கம் அந்தக் கவலையைப் பெருமளவு தீர்த்துவிட்டது. மந்திரத்தைச் செயலிழக்கச் செய்யும் கனிமத்தின் நடுவே, சேர்ந்து பயணிக்கும் ஃப்ரீரென், ஃபெர்ன், ஸ்டார்க் மூவரும் அகப்பட்டுக்கொள்ளும் பகுதியை நீங்கள் கையாண்ட விதத்துக்காகத் தனியே நன்றி சொல்ல வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த, நீண்ட ஆயுளுள்ள எல்ஃப் இனத்து மந்திரவாதி ஃப்ரீரெனும், முதல்தர மந்திரவாதியாகத் தேறிவிட்ட அவளுடைய சீடப்பெண் ஃபெர்னும், தங்கள் மந்திரம் பயன்படாத இடத்தில் ஸ்டார்க்கின் உடல்வலிமையை நம்பி நிற்க வேண்டியதாகிறது. தன்னைக் கோழை என்று எண்ணிக்கொள்ளும் அந்த இளைஞன் மற்ற இருவருக்கும் எவ்வளவு வேண்டியவன் என்பதை, யாரும் எடுத்துச் சொல்லாமலே எங்களுக்கு உணர்த்திவிட்டீர்கள். புதிய தொடக்கப் பாடலுடன் மட்டும் என் மனம் இன்னும் ஒட்டவில்லை; முதல் சீசனின் பாடல் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருப்பதே காரணமாக இருக்கலாம். இவான் கோல் அவர்களின் பின்னணி இசை தொடர்வது பெரிய ஆறுதல்.

இந்தத் தொடரை நான் தனியாகப் பார்ப்பதில்லை. புதிய சீசன் தொடங்குமுன் பழைய அங்கங்களை அம்மம்மாவுடன் இருந்து மறுபடியும் பார்த்தேன். கைத்தொலைபேசியை மூக்குப்பேணியில் சாய்த்து வைத்து, ஆங்கிலச் சப்டைட்டிலைத் தமிழில் வாசித்துச் சொல்வது என் வேலை. பாக்குவெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பாக்குச் சீவுவதை மறந்து கேட்டுக்கொண்டிருப்பார் அம்மம்மா. ஃப்ரீரெனின் பழைய பயணத் தோழனான ஹிம்மெலின் சாவிலிருந்தே கதையில் ஆண்டுகள் எண்ணப்படுகின்றன. ‘வீரன் ஹிம்மெல் இறந்து 20 ஆண்டுகளின் பின்’, ‘28 ஆண்டுகளின் பின்’ என்று திரையில் எழுத்துகள் தோன்றும் ஒவ்வொரு முறையும், “அந்தப் பெடியன் செத்து இப்ப எத்தினை வருசமாம்?” என்று கேட்பார். அவருடைய கணக்கும் அப்படிப்பட்டதுதான். எங்கள் வீட்டுக் கிணறு இறைத்தது ‘அம்மப்பா போன அடுத்த வருசம்’. அம்மாவின் கலியாணம் ‘இடம்பெயர்றதுக்கு முதல்’. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊரை விட்டு வெளியேறிய பிறகு, யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் காலம் இப்படித்தான் எண்ணப்படுகிறது. ஹிம்மெலின் சிலையைச் சுற்றி நடுவதற்காக நீலநிலாப் பூவை ஃப்ரீரென் மாதக்கணக்கில் தேடும் அங்கத்தைப் பார்த்த அன்று, அம்மம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய், அம்மப்பா வைத்த கிணற்றடிச் செவ்வரத்தைக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து, “இனி விடு, பாப்பம்” என்றார். 1996இல் திரும்பி வந்தபோது கூரையில்லாத வளவில் உயிரோடு நின்றது அந்தச் செடிதான்.

ஆகையால் என் வேண்டுகோளும் அந்த நிதானத்தைப் பற்றியதே. இத்தொடரின் மூலமான மங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதை) வாசித்தவர்களுக்கு, மூவரும் இப்போது நுழைந்திருக்கும் வடக்குப் பீடபூமியில் முன்னையவர்களை விடக் கொடிய அரக்கர்கள் இருப்பது தெரியும். அவர்களுடனான சண்டைகளை அசையும் படமாகக் காண எனக்கும் ஆவல் உண்டு. ஆனால் முதல் சீசனில் ஆவுரா என்ற அரக்கியுடனான மோதலை நினைத்துப் பாருங்கள். தலையற்ற கவசப் படை, மந்திரங்கள் என்று எவ்வளவோ இருந்தும், முடிவு, இருவரில் யாருடைய மந்திர ஆற்றல் பெரிது என்று நிறுக்கும் ஒரு தராசு சாய்வதில் இருந்தது. தன் மந்திர ஆற்றலின் அளவை ஃப்ரீரென் நூற்றாண்டுகளாக மறைத்துவந்த உண்மை அந்த ஒரு சாய்வில் வெளிப்பட்டபோது எங்கள் வீட்டில் மூச்சுவிடும் ஓசைகூடக் கேட்கவில்லை. வாள்வீச்சின் வேகத்துக்காக அத்தகைய மௌனங்களில் ஒன்றையேனும் வெட்டிவிட வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். சண்டைக்குப் பிறகு அவர்கள் சமைப்பதையும், ஃபெர்ன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதையும், ஏதோ ஓர் ஊரில் ஹிம்மெலின் சிலையைத் துடைத்துவிட்டுப் போவதையும் நேரத்தை மிச்சம் பிடிக்கும் இடங்களாகக் கருதிவிடாதீர்கள்.

இன்னுமொரு சிறிய வேண்டுகோள். ஆண்டுகளைச் சொல்லும் அந்த எழுத்துகள் திரையில் தோன்றி மறைவதற்குள் ஆங்கிலத்தை வாசித்து, தமிழாக்கி, காது சற்று மந்தமான எண்பத்திரண்டு வயதுப் பெண்மணிக்கு உரக்கச் சொல்லி முடிக்க எனக்கு நேரம் போதவில்லை. இனி வரும் அங்கங்களில் அவற்றை இன்னும் ஒரு நொடி நிறுத்தி வைத்தால் உதவியாக இருக்கும்.

மிக்க அன்புடன்,
கோப்பாயிலிருந்து ஓர் இரசிகை
யாழ்ப்பாணம்
17 ஜனவரி 2026