முறைத் தண்ணீர்

அன்புள்ள சுகந்தி,

நீ அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். கடைசிப் பதிவில் பாதி திட்டு, பாதி குக்கர் விசில். பதில் போடாததற்கு நீ என்ன திட்டினாலும் தகும். ஆனால் "நீயெல்லாம் இப்போ பெரிய ஆளு" என்றாயே, அதை மட்டும் வாபஸ் வாங்கு. பெரிய ஆள் எவளும் ராத்திரி பதினோரு மணிக்குப் போர்வைப் படத்தில் விழுந்த நிழலை அழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள்.

வீட்டுச் சேதி சுருக்கமாக. அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. பெரியவன் பன்னிரண்டாவது, அதனால் வீட்டில் டிவி கிடையாது, அதனால் அப்பாவுக்குக் கோபம். தம்பி பெண்டாட்டி வளைகாப்புக்கு நீ வராததை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். நம் 'கோடு போடு' டீச்சரைப் பெருந்துறை சந்தையில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் உன்னைத்தான் விசாரித்தார். "அந்த வாயாடி எங்கே இருக்கா?" உனக்குச் சந்தோஷம்தானே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் நடத்திவந்த ஐந்து இணையதளங்களில் சமையல் தளத்தைச் சின்னம்மா மகளுக்குக் கொடுத்துவிட்டேன். டொமைன் என்கிற தளப் பெயர், தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் இடம், சந்தகை, ஒப்புட்டு, பள்ளிபாளையம் சிக்கன் எல்லாம் இனி அவள் பாடு. பரீட்சைக் குறிப்புத் தளத்தில் பழைய பக்கங்கள் அப்படியே கிடக்கும், புதிதாக ஒரு வரி எழுத மாட்டேன் என்று முகப்பிலேயே போட்டுவிட்டேன். மிச்சம் மூன்று: மஞ்சள் விலை, சென்னிமலைப் போர்வைக் கடை, திருவிழா. "அஞ்சையும் ஒத்தை ஆளா ஓட்டறியே, அந்த வித்தையைச் சொல்லு" என்று கேட்டாய். அதில் முதல் பாடம் ஐந்தை மூன்றாக்கியது. கேட்க நன்றாக இல்லை, தெரியும்.

நீ மூன்று டொமைன் வாங்கி வைத்திருக்கிறாய், தைக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கப் போகிறாய் என்று சொன்னதிலிருந்து எனக்கு வயிற்றில் புளி கரைக்கிறது. அதனால்தான் இந்த நீளக் கடிதம். போனில் சொன்னால் நீ என்னைப் பேச விடமாட்டாய்.

ஐந்து தளம் ஓட்டும்போது ஒரு நாள் எப்படிப் போகும் தெரியுமா? காலையில் மஞ்சள் வரத்து பற்றி எழுத உட்காருவேன். தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸைத் திறந்தால் ஓரத்தில் சிவப்பு எண் நிற்கும், ஏழு பிளக்இன், அதாவது துணை மென்பொருள், புதுப்பிக்கச் சொல்லி. அதை அமுக்குவேன். ஒன்று மக்கர் பண்ணும். அதைச் சரி பார்க்கும்போது போர்வைக் கடையிலிருந்து வாட்ஸ்அப் வரும், "அக்கா, கோடு போட்டது டபுள் சைஸ் இருக்கா?" இருக்கிறதா என்று மச்சானுக்குப் போன் போட்டால், அவர் "அந்தப் பரீட்சைத் தளத்திலே ஹால்டிக்கெட் லிங்க் வேலை செய்யலையாம், என் மகன் சொன்னான்" என்பார். சாயங்காலம் பார்த்தால் வேலை செய்த களைப்பு முழுசாக இருக்கும், மஞ்சளைப் பற்றி ஒரு பத்தி கூட இருக்காது.

நேரம் போதவில்லை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இருபத்தைந்து நிமிடம் கடிகாரம் வைத்து வேலை செய்யும் தக்காளி முறை இருக்கிறதே, அதையும் செய்து பார்த்தேன். ஒரு கட்டுரையை முடிக்க அது நல்லது, ஐந்து தளத்துக்கு நடுவே தாவுகிறவளுக்கு அது மணி அடிக்கும், அவ்வளவுதான். சோஃபி லெராய் என்று ஒரு ஆய்வாளர் 2009-இல் எழுதியதைப் படித்தபிறகுதான் எங்கே அடைக்கிறது என்று புரிந்தது. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால் மனதில் ஒரு பங்கு பழையதிலேயே நின்றுவிடுகிறது, அதனால் புது வேலை மட்டமாகத்தான் நடக்கும் என்கிறார். மறுபடி வந்து எங்கே தொடங்குவது என்று எழுந்திருக்கும் முன் ஒரு குறிப்பு எழுதி வைத்தால் அந்த இழுப்பு குறைகிறது என்பதையும் அவரும் இன்னொருவரும் பின்னால் சேர்ந்து செய்த ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். அதை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டேன். தளத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. யார் கூப்பிட்டாலும், குக்கர் வெடித்தாலும், நின்ற இடம், அடுத்த அடி, இரண்டையும் எழுதாமல் எழுந்திருப்பதில்லை. பேனாவால்தான். கம்ப்யூட்டரில் எழுதினால் அங்கேயே வேறெங்காவது போய்விடுவேன், உனக்கு என்னைத் தெரியும்.

மீதியை அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். சிரிக்காதே. அவர் இன்னும் தினமும் காலையில் "என்ன கண்ணு, டேமு எத்தனை அடி?" என்றுதான் எழுந்திருக்கிறார். மஞ்சள் தளத்தின் ஓரத்தில் பவானிசாகர் அணை நீர்மட்டம் போடுகிறேனே, அதற்கு முதல் வாசகர் அவர்தான். சில நாள் ஒரே வாசகரும் அவர்தான்.

அந்த அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்காலுக்கு ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 2,07,000 ஏக்கர். அணையில் 105 அடி முட்ட நின்றாலும் அத்தனைக்கும் ஒரே நேரத்தில் நெல்லுக்குத் தண்ணீர் விட முடியாது. அதனால் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள், 1,03,500 ஏக்கர் ஒரு பக்கம். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று நம் வீடுகளில் பேசாத பேச்சா? ஆகஸ்டில் திறந்தால் ஒரு பாதிக்கு நெல், தை பிறந்தபின் மறு பாதிக்குக் கடலையோ எள்ளோ. அடுத்த வருஷம் மாற்றிக்கொள்வார்கள். வாய்க்காலில் கான்கிரீட் போடலாமா கூடாதா என்று ஊரே இரண்டாக நின்று சண்டை போட்டது. ஆனால் முறை வைப்பது தப்பு என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? தண்ணீர் நமக்கில்லாத பருவத்தில் அப்பா மதகடியில் போய் உட்கார்ந்ததில்லை. கிணற்றுத் தண்ணீரில் தென்னையைக் காப்பாற்றிக்கொண்டு, மாட்டுக்குச் சோளத்தட்டு விதைத்துவிட்டு இருப்பார்.

என் மூன்று தளத்துக்கும் அதேபோல் முறை வைத்துவிட்டேன். தை முதல் சித்திரை வரை மஞ்சள். அறுவடை முடிந்து வேகவைத்துக் காயவைத்து ஏலத்துக்கு வருகிற காலம் அது, விரலி என்ன விலை, கிழங்கு என்ன விலை என்று ஆட்கள் தேடுவதும் அப்போதுதான். 2024-இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிப் போனபோது தளம் எப்படி நிரம்பியது என்று உனக்கே தெரியும், நீதானே போன் போட்டுக் கத்தினாய். ஆடி முதல் ஐப்பசி வரை போர்வைக் கடை, தீபாவளி முடியும் மட்டும். நடுவில் இருக்கும் இரண்டிரண்டு மாதமும் திருவிழாவுக்கு. வைகாசி ஆனியில் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கு எழுதிவிட வேண்டும், ஆடியில் எழுதினால் கூகுள் எடுத்துக் காட்டுவதற்குள் குதிரையெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். கார்த்திகை மார்கழியில் சென்னிமலைத் தைப்பூசத் தேர், பங்குனியில் வரும் பண்ணாரிக் குண்டம், அந்தத் தீமிதி.

முறை இல்லாத தளத்துக்கு உயிர்த்தண்ணீர் மட்டும். ஏல விலை அட்டவணையைப் பொழுதோடு பத்து நிமிஷம் போடுவது, போர்வை ஆர்டர் வந்தால் மச்சானுக்குத் தள்ளிவிடுவது. பிளக்இன், பேக்கப், இந்தக் கண்ட்ராவி எல்லாம் புதன்கிழமை மட்டும். மூன்றும் ஒரே ஹோஸ்டிங், ஒரே தீம். ஒன்றில் பழுது பார்த்தால் மூன்றுக்கும் ஆயிற்று. தளம் பாதுகாப்பானது என்று உலாவிக்குக் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழ் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறதா என்று பார்த்துக்கொள், லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகத் தருவதற்கு 90 நாள்தான் ஆயுள். போனில் எல்லா அறிவிப்பையும் அணைத்துவிட்டேன். தளம் விழுந்தால் மட்டும் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைப் பெரியவன் தேர்ந்தெடுத்தான், ஆடு கத்துகிற மாதிரி. கல்யாண மண்டபத்தில் ஒரு தடவை கத்தி மானம் போயிற்று.

இதெல்லாம் சுலபமாக நடக்கிறது என்று எண்ணிக்கொள்ளாதே. போர்வை முறையில் இருக்கும்போது அரசு வேலைக்கான குரூப் 4 பரீட்சை அறிவிப்பு வந்த அன்று விரல் அரித்த அரிப்பு எனக்குத்தான் தெரியும். ஐந்து தளத்தில் கூட்டம் அதிகம் வந்தது பரீட்சைத் தளத்துக்குத்தான். காசு குறைவாக வந்ததும் அதில்தான். 2018-இல் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழுக்கும் வந்துவிட்டது என்று நாம் இரண்டு பேரும் போட்ட ஆட்டத்தை நினைத்தால் சிரிப்பாக வருகிறது. வீடு கட்டிவிடலாம் என்றாய் நீ. போர்வைக் கடையில் ஒரு நல்ல வாரம் தருவதைப் பரீட்சைத் தளத்து விளம்பரம் ஒரு மாதத்தில் தரவில்லை. கூட்டத்தைப் பார்த்து மயங்கக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய கணக்கு வேண்டாம். அப்புறம் 2024 மார்ச்சில் கூகுள் தேடலை மாற்றியதே, உருப்படியில்லாத, ஒரிஜினல் இல்லாத பக்கங்களைக் கீழே தள்ளுவதற்கு என்று சொல்லியே செய்தார்கள். ஐந்து இடத்தில் அவசரமாக எழுதினால் ஐந்தும் அந்த ரகமாகத்தான் போய் நிற்கும். போன முறை மஞ்சள் வேகவைக்கும் கொப்பரையிலிருந்து பாலிஷ் டிரம் வரை தோட்டத்திலேயே நின்று படம் எடுத்து ஒரு கட்டுரை எழுதினேன். நிதானமாக எழுத முடிந்தது. இன்றைக்கும் ஆள் வந்துகொண்டே இருக்கிறது.

இப்போது உன் கதை. கோபித்துக்கொண்டாலும் சொல்லத்தான் போகிறேன். உனக்குத் தளம் நடத்துவதைவிடத் தளம் ஆரம்பிப்பதுதான் பிடிக்கும் சுகந்தி. பெயர் யோசிப்பது, டொமைன் கிடைக்கிறதா என்று பார்ப்பது, லோகோவுக்கு நிறம் பார்ப்பது, அந்த ராத்திரி எனக்கும் தெரியும், தூக்கமே வராது. மூன்றாம் மாதம் யாரும் வராத பக்கத்தை எழுதும்போது அந்த ஜோர் இருக்காது. அப்போது நான்காவது பெயர் தோன்றும். உன் மோட்டார் ரிப்பேர் யோசனை நல்ல யோசனை. கோயம்புத்தூரில் இத்தனை வருஷம் பம்பு கம்பெனியில் இருந்த உன்னைவிட அதை யார் எழுத முடியும்? மற்ற இரண்டு தளம், குழந்தைக் கதையும் வாடகை வீடும், எதற்கு? வீட்டுத் தளத்துக்குத் தினம் நூறு புரோக்கருடன் மல்லுக்கட்ட வேண்டும். நீ ஆட்டோக்காரரிடமே பேரம் பேச மாட்டாய்.

வேலையை விடாதே. விளையாட்டாகச் சொல்லவில்லை. மாப்பிள்ளை வேலை எப்படி ஆடிக்கொண்டிருக்கிறது என்று அவர் சொல்லாவிட்டாலும் உன் குரலில் தெரிகிறது. இந்த நேரத்தில் ஒரு சம்பளமும் இல்லாமல், ஒரு ரூபாய் இன்னும் வராத மூன்று தளத்தை நம்பி நிற்காதே. பயத்தோடு உட்கார்ந்தால் நோட்டு போட்டாலும் முறை வைத்தாலும் மனது ஓடாது. மதியம் வரைக்கும் வருமானக் கணக்கைத்தான் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பாய். பம்புத் தளத்தை மட்டும் எடு, ஞாயிற்றுக்கிழமை எழுது, ஒரு வருஷம் பார். சம்பளத்தில் பாதியாவது அது தந்தால் அப்புறம் நானே வந்து ராஜினாமா எழுதித் தருகிறேன், என் கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பார். உனக்கும் தெரிந்தவர்தான், காங்கேயத்து எண்ணெய் மில் அண்ணன். அவருக்குத் தளம் செய்து கொடுத்த பையன் தன் மெயிலிலேயே டொமைனை வாங்கிவிட்டு வெளிநாடு போய்விட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலெல்லாம் அவனுக்குப் போயிருக்கிறது, அவன் பார்க்கவில்லை. டாட் காம் என்றால் காலாவதியானதும் பதிவு நிறுவனம் கொஞ்ச நாள் தவணை தரும், அதற்குப் பிறகு 30 நாள் கூடுதல் காசு கட்டி மீட்கலாம், அதுவும் போனால் 5 நாளில் பொதுவுக்கு வந்துவிடும். அண்ணனுக்குத் தெரிந்தபோது அந்தப் பெயரில் வேறு யாரோ சூதாட்ட விளம்பரம் போட்டிருந்தார்கள். மில் பைகளில் அச்சடித்த முகவரியை மார்க்கர் பேனாவால் அழித்துக்கொண்டிருந்தார், பாவம்.

வேண்டாத இரண்டு டொமைனையும் தானாகப் புதுப்பிக்காதபடி இன்றைக்கே மாற்றிவிடு. இல்லையென்றால் அடுத்த வருஷம் காசு போன பிறகு "வாங்கியாச்சு, சும்மா விடுவானேன்" என்று ஆரம்பிப்பாய்.

பொங்கலுக்கு வருவாய்தானே? மாட்டுப் பொங்கலன்று தோட்டத்தில்தான் இருப்போம். சின்னம்மா மகள் சந்தகை பிழிகிறேன் என்கிறாள், தளத்துக்குப் படம் எடுக்க வேண்டுமாம், உன்னைக் கையை மட்டும் காட்டச் சொல்வாள், மருதாணி வைத்துக்கொண்டு வா. பம்பு ரிப்பேர் பற்றி நீ ஒரு கட்டுரை எழுதிக் கொண்டுவந்தால் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவோம். தோட்டத்து மோட்டார் மூன்று வாரமாக முனகுகிறது, உருப்படியாக எழுதியிருக்கிறாயா என்று அவரே சொல்லிவிடுவார்.

அன்புடன்,
பூங்கொடி
பெருந்துறை