ஏர்கான் கம்பியைச் சைக்கிளில் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

31 ஆண்டுகள் ஏர்கான் வேலையும் குளிர்பதன அறை வேலையும் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். செம்புக் குழாய்களைக் கேஸ் தீயில் காய்ச்சி, இடுக்கில் ஒரு கம்பியை உருக்கி ஒட்டுவதுதான் என் கைத்தொழில். அந்தக் கம்பியைத்தான் ஏர்கான் கம்பி என்கிறேன். சிங்கப்பூரில் இந்த வேலையில் இன்றும் எத்தனையோ தமிழ்த் தம்பிகள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சுங்கை காடுட்டில் என் நண்பருக்கு ஒரு சின்ன இரும்புப் பட்டறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே போய் உட்காருவேன். போன மாதம் ஒரு தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், கட்டுமான வேலை, பக்கத்து விடுதியில் தங்கியிருக்கிறார். முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது. சைக்கிளின் பின் கேரியர் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. “அண்ணே, இதைக் கொஞ்சம் ஒட்டிக் குடுங்க, மறுபடி விட்டுப்போச்சு” என்றார்.

கேரியரின் கம்பிகளை மேலே பிடித்திருக்க, இருக்கைக்குக் கீழே இறங்கும் இரண்டு மெல்லிய குழாய்களிலும் மரை வெட்டிய சின்ன இரும்புக் குமிழ் ஒவ்வொன்று வைத்து ஒட்டியிருந்தார்கள். மூன்று வாரம் தாங்கியது. நாலாவது வாரம் ஐந்து கிலோ அரிசிப் பையோடு போகும்போது ஒரு குமிழ் பட்டென்று விட்டு, கேரியர் சக்கரத்தின் மேல் சாய்ந்து, தம்பி சாலையில் விழுந்திருக்கிறார். பின்னால் லாரி எதுவும் வரவில்லை.

உடைந்த குமிழை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரும்பு வளையவில்லை, கிழியவில்லை. பிஸ்கட் உடைந்த மாதிரி சுத்தமாக விட்டிருந்தது. உடைந்த முகத்தில் செம்பு நிறம். பார்த்த உடனே புரிந்துவிட்டது. எங்கள் ஏர்கான் கம்பியை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். செய்த இடம் எது என்று நான் கேட்கவில்லை, எழுதவும் போவதில்லை. கெட்ட எண்ணத்தில் யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். தீ பிடிக்கத் தெரிந்த கை, கையில் இருந்த கம்பியை வைத்து உதவி செய்திருக்கிறது. ஆனால் அந்தக் கம்பி இரும்புக்கு ஆகாது. அதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

செம்புக் குழாய்க்கு நாம் வைக்கும் கம்பியில் சுமார் 93 விழுக்காடு செம்பு, 7 விழுக்காடு பாஸ்பரஸ். செம்பின் மேல் இந்தப் பாஸ்பரஸ் நல்ல வேலை செய்யும். துருவை அதுவே தின்றுவிடும், மேலே மருந்து, அதாவது துருவை நீக்கும் பசை, தடவத் தேவையில்லை. அதனால்தான் அந்தக் கம்பியை எடுத்தோமா, காய்ச்சினோமா என்று வேலை ஓடுகிறது. அதே பாஸ்பரஸ் இரும்பைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து, ஒட்டும் இடத்தில் இரும்பு பாஸ்பைடு என்ற படலமாகி விடும். கண்ணாடி போல நொறுங்கும் சரக்கு அது. மேலே பார்க்க ஒட்டு அழகாக, வழுவழுவென்று இருக்கும். சைக்கிள் ஓயாமல் அதிரும் பொருள். அந்த அதிர்ச்சியை அந்தப் படலம் தாங்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏர்கான் வேலையில் 15 விழுக்காடு வெள்ளி கலந்த கம்பியும் உண்டு. இங்கே காசையும் வெள்ளி என்போம், நான் சொல்வது உலோக வெள்ளி. “அதான் வெள்ளி இருக்கே, இரும்புக்கும் பிடிக்கும்” என்று நினைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதிலும் 5 விழுக்காடு பாஸ்பரஸ் இருக்கிறது. அதுவும் கூடாது.

எனக்கு இது தெரிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1989ல், குளிர்பதன அறை ஒன்றில் இரும்புத் தாங்கியை இதே ஏர்கான் கம்பியால் ஒட்டிவிட்டு, பளபளவென்று இருக்கிறதே என்று நின்றேன். எங்கள் மேற்பார்வையாளர், வயதான சீனர், ஒன்றுமே பேசவில்லை. சுத்தியலை எடுத்து இலேசாக ஒரு தட்டுத் தட்டினார். தாங்கி தரையில் விழுந்தது. அதைக் குனிந்து எடுத்து, உடைந்த முகத்தை என் கண்ணுக்கு நேராகக் காட்டினார். அந்தப் பாடத்துக்கு இன்றும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

சரி, இரும்புச் சைக்கிளுக்கு எது ஆகும்? பாஸ்பரஸ் இல்லாத வெள்ளிக் கம்பி. நான் வைத்திருப்பது 56 விழுக்காடு வெள்ளி, மீதி செம்பு, துத்தநாகம், கொஞ்சம் வெள்ளீயம். அது ஏறக்குறைய 620 டிகிரியில் இளகத் தொடங்கி 650 டிகிரியில் தண்ணீராக ஓடும். இரும்பு உருக 1,500 டிகிரி அளவுக்குப் போக வேண்டும். ஆகவே குழாய் உருகாது. கம்பி மட்டும் உருகி இடுக்கில் ஊறும். வெல்டிங்குக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான். நல்ல சைக்கிள்களின் குழாய் முனைகளில் கனமாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருக்கும், நடுவில் அரை மில்லிமீட்டர்தான் சில குழாய்களில். தண்ணீர்ப் போத்தல் கூடு மாட்டும் குமிழ்கள் சரியாக அந்த மெல்லிய இடத்தில்தான் உட்காரும். என்னுடைய பழைய சைக்கிளில் அந்தக் குமிழை மின்வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்று ஒருவர் குழாயிலேயே ஓட்டை போட்டுவிட்டார். அன்றிலிருந்து என் சைக்கிள் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

வெள்ளிக் கம்பிக்கு மருந்து கட்டாயம் வேண்டும். வெள்ளைப் பசை போல டப்பாவில் வரும். என் அப்பா தேக்காவில் நகைக்கடைகளுக்கு வேலை செய்த பத்தர். அவர் வெங்காரத்தை (போராக்ஸ்) நீர் விட்டு இழைத்து, தூரிகையால் தொட்டு வைத்து, ஊதுகுழலால் தீயை ஊதிப் பற்றவைப்பார். சைக்கிள் வேலைக்கு இப்போது விற்கும் பசையிலும் அந்த வெங்கார இனம்தான் இருக்கிறது, கூடவே புளோரைடும். நான் சின்னப் பையனாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது இது: வெங்காரம் முதலில் பொங்கும், பிறகு வெண்மையாகக் காய்ந்து நிற்கும், அப்புறம் திடீரென்று தெளிந்த தண்ணீர் போலப் படியும். “தெளிஞ்சிருச்சா? இப்ப வை” என்பார். சைக்கிளுக்கும் அதே கணக்கு. அந்தப் பசை 600 டிகிரிக்குப் பக்கத்தில் தெளியும். வெப்பமானி இல்லாத பட்டறையில் அதுதான் நமக்கு வெப்பமானி. பசை கறுத்துப் போனால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். நிறுத்தி, ஆறவிட்டு, சுரண்டி, முதலிலிருந்து செய்ய வேண்டும்.

அந்தத் தம்பியின் சைக்கிளுக்கு வருகிறேன். முதலில் பழைய ஒட்டின் மிச்சத்தை அரத்தால் ராவி, வெள்ளை இரும்பு தெரியும் வரை எடுத்தேன். செம்பு நிறம் ஒரு புள்ளி மிஞ்சினாலும் புது ஒட்டு அங்கே கெடும். பெயிண்டை இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலம் சுரண்டினேன். நண்பர் கடைசல் இயந்திரத்தில் 5 மில்லிமீட்டர் மரை வெட்டிய இரண்டு குமிழ் செய்து கொடுத்தார். குழாய் 14 மில்லிமீட்டர் உருண்டை. குமிழின் அடி தட்டையாக இருந்தால் ஓரத்தில்தான் தொடும். அதனால் உருண்டை அரத்தால் அடியைக் குடைந்து, குழாயின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, மறுபடி ராவினேன். இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. தீ வைத்த நேரம் இரண்டு நிமிடம்கூட இல்லை. இந்த வேலையின் பலம் அந்த முக்கால் மணியில்தான் இருக்கிறது. இடைவெளி 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், ஒரு தாளின் கனம் அல்லது அதில் பாதி. அவ்வளவு நெருக்கமாக இருந்தால் உருகிய வெள்ளி தானாகவே உள்ளே இழுபடும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. இடைவெளி கூடினால் வெள்ளி நிரம்பாது, நிரம்பினாலும் பலம் இராது.

குமிழில் ஓர் இரும்பு மரையாணியை முடுக்கி, அதன் மரையில் பென்சில் கரியைத் தேய்த்து வைத்தேன். கரி பட்ட இடத்தில் வெள்ளி ஒட்டாது, மரை அடைபடாது. டயர், செயின், பிரேக் கேபிள் எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. தீயைக் கம்பியில் காட்டவே கூடாது. இதைச் செம்புக் குழாய் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. குமிழையும் குழாயையும் சேர்த்து, கனமான பக்கம் தீயைச் சற்று அதிகம் காட்டி, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்ததும் கம்பியால் இடுக்கைத் தொட வேண்டும். இரும்பின் சூடுதான் கம்பியை உருக்க வேண்டும். சுற்றிலும் ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு ஓடி முடிந்ததும் தீயை எடுத்துவிட வேண்டும். 1.5 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு குமிழுக்கு ஒரு சென்டிமீட்டர் போலத்தான் ஆகும். வெள்ளிக் கம்பி விலை அதிகம் என்று பயப்படுகிறவர்கள் இதை யோசித்துப் பாருங்கள்.

ஒட்டிய சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், தானாக ஆறட்டும். ஆறிய பிறகு பசை கண்ணாடியாக இறுகியிருக்கும். அதை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்து முழுக்க எடுக்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் மிச்சப் பசை தண்ணீரை இழுத்து, பெயிண்டுக்கு அடியிலேயே துருவைக் கிளப்பிவிடும்.

போத்தல் குமிழ் போலக் குழாயில் துளை போட்டு வைப்பதென்றால், உள்ளே சூடாகும் காற்றுக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். வழி இல்லாவிட்டால் அது உருகிய வெள்ளியை இடுக்கிலிருந்து வெளியே தள்ளும். இரண்டு போத்தல் குமிழ்களுக்கு நடுவே 64 மில்லிமீட்டர். அந்த அளவு தவறினால் கூடு மாட்டாது.

சில எச்சரிக்கைகள். காந்தம் ஒட்டாத சைக்கிளைத் தொடாதீர்கள். அலுமினியச் சைக்கிளில் இப்படித் தீ காட்டினால் குழாயின் பலமே போய்விடும். நாகப்பூச்சு உள்ள இரும்பைக் காய்ச்சினால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். பழைய வெள்ளிக் கம்பிகள் சிலவற்றில் காட்மியம் கலந்திருக்கும். அதன் புகை நுரையீரலைக் கெடுத்து உயிரையே எடுக்கக்கூடியது. என்ன கம்பி என்று உறையில் எழுதியிராவிட்டால் அதைத் தீயில் காட்ட வேண்டாம். பசையின் புகையும் நல்லதல்ல, காற்றோட்டம் வேண்டும். இதை அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்துச் செய்ய நினைக்காதீர்கள். பட்டறையில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை.

ஏர்கான் வேலை பார்க்கும் தம்பிகளே, உங்களுக்குக் கை ஏற்கெனவே பழகிவிட்டது. தீயின் நிறம் தெரியும், சூடு எங்கே போகும் என்று தெரியும். மாற்ற வேண்டியது கம்பியும் மருந்தும் மட்டும்தான். விடுதியிலிருந்து கடைக்கும் வேலையிடத்துக்கும் சைக்கிளிலேயே போகிற நம்மவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குக் கேரியர் மாட்டவும், மட்கார்டு மாட்டவும், விளக்கு மாட்டவும் இரண்டு குமிழ் ஒட்டித் தர உங்களால் முடியும். இரவில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். அந்த விளக்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது கேட்பதில்லை.

சைக்கிள் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாராவது உங்கள் சைக்கிளில் தீ காட்டும் முன், “இது என்ன கம்பி? பாஸ்பரஸ் இருக்கிறதா?” என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் சைக்கிளைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அந்தத் தம்பியின் கேரியரில் பட்டறையிலேயே நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். என் எடை 71 கிலோ. அசையவில்லை. மறு வாரம் அவர் தம் அறைத்தோழர்கள் இருவரின் சைக்கிள்களையும் கூட்டி வந்தார். ஒன்றில் அதே செம்பு நிற ஒட்டு. அதை இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டு வேறு வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குளிர்பதன ஊழியர்,
ஈசூன்