பிகாசூவில் தொடங்கு

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். புது வேலையில் உனக்கு மேலே இருப்பவர் உன்னைவிடப் பத்து வயது சின்னவர் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். இனிமேல் நமக்கு எங்கே போனாலும் அப்படித்தான், பழகிக்கொள். பெரியவளுக்குப் படிப்பு முடியப் போகிறது. சின்னவனுக்கு மகரக்கட்டு உடைந்துவிட்டது; ஒரு வாக்கியத்தைக் கீச்சுக்குரலில் ஆரம்பித்துக் கட்டைக்குரலில் முடிக்கிறான். கேலி செய்தால் கோபம் வருகிறது என்பதால் கொஞ்சமாகத்தான் கேலி செய்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பார்ட்டியில் அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) குரல்களில் பேசிக் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டாயாம். வாத்தியார்களை வைத்து மிமிக்ரி செய்து வகுப்பையே உருட்டியவன் என்னிடம் யோசனை கேட்கிறாய்! அன்று நீ எந்த வாத்தியாரின் குரலையும் அச்சு அசலாகக் கொண்டுவந்ததில்லை. அவர் எங்கே இழுப்பார், எங்கே நிறுத்துவார், எதற்குக் கனைப்பார் என்பதைப் பிடித்தாய். முதல் கனைப்பிலேயே எங்களுக்கு ஆள் தெரிந்துவிடும். அனிமேக்கும் அதே வித்தைதான். குரல் முக்கால்வாசி வராவிட்டாலும் பரவாயில்லை, நடை வந்துவிட்டால் போதும்.

இதில் உனக்கு இருக்கும் ஒரே சிக்கல், கேட்பவர்களில் பாதிப்பேர் ஜப்பானியக் குரலில் பார்த்திருப்பார்கள், மீதிப்பேர் ஏதோ ஒரு டப்பிங்கில் பார்த்திருப்பார்கள். 'டிராகன் பால்' நாயகன் கோக்குவையே எடுத்துக்கொள், இவர்களுக்குப் பழகிய கோக்கு வேறு, அவர்களுக்குப் பழகிய கோக்கு வேறு. அதனால் 'போக்கிமான்' தொடரில் வரும் மஞ்சள் குட்டிப் பிராணி பிகாசூவில் தொடங்கு. 1997இல் தொடர் ஆரம்பித்ததிலிருந்து அதற்குக் குரல் கொடுப்பவர் இக்குவே ஓத்தானி. பெரும்பாலான மொழிகளில் மற்ற பாத்திரங்களுக்கு டப்பிங் செய்தாலும் பிகாசூவுக்கு மட்டும் அவர் குரலையே வைத்துக்கொண்டார்கள். ஆகவே யாரும் 'இது வேற மாதிரில்ல இருக்கும்' என்று சொல்ல வாய்ப்பில்லை. வசனமும் அதன் பெயர் ஒன்றுதான். அதையே கேள்வியாக, கொஞ்சலாக, கோபமாக மாற்றிச் சொன்னால் ஒரு முழு உரையாடலே நடத்திவிடலாம்.

செய்யும் முறை இது. எச்சில் விழுங்கும்போது தொண்டையில் ஒரு மேடு மேலே ஏறுவதைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். கொட்டாவி விட்டால் கீழே இறங்கும். மேலே ஏறினால் குரல் சின்னப் பிள்ளைக் குரலாகும், இறங்கினால் அரக்கன் குரலாகும். பல் தெரியச் சிரித்துக்கொண்டு 'ஈ' என்று சொல்லிப் பார், தானாகவே மேலே ஏறும். அந்தச் சிரிப்பைக் கலைக்காமல் பொய்க்குரலில் 'பிகா' சொல். உதடு குவிந்தால் காரியம் கெட்டது, அந்த 'சூ' வரும்வரை இழுத்துப் பிடி.

கோக்குவைச் செய்யும்போது ஆணின் குரலாக நினைத்துச் செய்யாதே. 1986 முதல் ஜப்பானில் அந்தக் குரல் மசாக்கோ நொசாவா என்ற பெண்மணியுடையது. குட்டிப் பையன் கோக்குவும் அவர்தான், வளர்ந்து பிள்ளை பெற்ற கோக்குவும் அவர்தான், அந்தப் பிள்ளைகளான கோஹானும் கோத்தனும்கூட அவர்தான். 2024இல் வந்த புதிய தொடரிலும் அவரே பேசினார். அந்த ஆண்டு அவருக்கு 88 வயது நிறைந்தது! பையன்களுக்குப் பெண்கள் குரல் கொடுப்பது அங்கே பழைய வழக்கம். 'நரூத்தோ' தொடரின் நாயகன் நரூத்தோவும் 'ஒன் பீஸ்' தொடரின் நாயகன் லூஃபியும்கூடப் பெண்கள் பேசியவைதான். காரணத்தை எங்கள் வீட்டுச் சின்னவனைக் கேட்டாலே தெரியும். தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது மகரக்கட்டு உடைந்தால் யார் என்ன செய்ய முடியும்?

கோக்கு கையிலிருந்து ஒளியைப் பாய்ச்சும்போது கத்தும் 'காமேஹாமேஹா'வைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் இடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் 'கா... மே...' என்று மெல்ல ஆரம்பி. நான்காவது அசையில் நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா நில். கடைசி 'ஹா'வைக் கூட்டமே கத்திவிடும், உன் தொண்டைக்கு மிச்சம்.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே சுலபமான சரக்கு, கடற்கொள்ளையர் கதையான ஒன் பீஸில் வரும் சிரிப்புகள்தான். அந்தக் கதையில் முக்கியமான ஆட்கள் பலருக்கும் தனிச் சிரிப்பு உண்டு. லூஃபி 'ஷிஷிஷி', வெள்ளைத்தாடி 'குராராரா', கருந்தாடி 'ஸேஹஹஹா', எலும்புக்கூடு புரூக் 'யோஹோஹோ'. அதில் எழுத்தே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. 'குராராரா'வைக் கொட்டாவித் தொண்டையோடு, வயிற்றிலிருந்து உருட்டிச் சொல். நாலு பேர் உடனே திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் மிகவும் ரசித்துச் செய்வது டிராகன் பால் வில்லன் ஃப்ரீசா. அவன் கத்தினால் மற்ற வில்லன்களைப் போலத்தான் இருப்பான். ரியூசெய் நக்காவோவின் குரலில் அவன் கோபம் வரும்வரை எல்லோரிடமும் படுமரியாதையாகப் பேசுவான், அதில்தான் பயமே. இதைத் தமிழிலேயே செய்யலாம். யாராவது தாமதமாக உள்ளே வந்தால், மெல்லிய குரலில், உதட்டோரம் சிரித்துக்கொண்டு, 'அடடா, தாங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறீர்களா?' என்று கேள். அனிமே பார்க்காதவர்கள்கூடச் சிரிக்கிறார்கள்.

குறும்புக்காரப் பொடியன் ஷின்சானைச் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் செய். கன்னத்தைத் தொங்கவிட்டு, தாடையை ஆட்டாமல், ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் சோம்பலாக இழுத்தால் வந்துவிடும். ஆனால் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திவிடு. 1992 முதல் அந்தக் குரலைப் பேசிய அக்கிகோ யாஜிமா 2018இல் விலகினார். அந்தக் குரலைக் கட்டிக்காப்பதிலேயே கவனம் போய்விடுகிறது, பாத்திரமாக இயல்பாகப் பேச முடியவில்லை என்று காரணம் சொன்னார். கேட்பதற்கு அவ்வளவு சோம்பேறிக் குரல், அதற்குப் பின்னால் இவ்வளவு உழைப்பா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பார்ட்டியில் ஒரு நிமிடம் பேசிவிட்டுக் கைதட்டல் வாங்குகிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கஷ்டம் வருவதே இல்லை.

தொண்டையைப் பார்த்துக்கொள். முதலில் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் 'ம்ம்ம்' என்று முணுமுணுத்துச் சூடேற்று. அலறல்களைக் கடைசிக்கு வை. வலித்தால் அதோடு விட்டுவிடு. அடுத்த நாள் தொண்டை கட்டிவிட்டால் கிசுகிசுத்தும் பேசாதே, அதுவும் தொண்டைக்கு வேலைதான், பேசாமல் இரு. உனக்கு அது கஷ்டம் என்று தெரியும்.

இன்னொன்று, நீயாக எழுந்து நின்று 'இப்போது அடுத்த குரல்' என்று அறிவித்துக்கொண்டிருக்காதே. பேச்சுக்கு நடுவே சட்டென்று ஒன்றை விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்துகொள். இன்னொன்று செய் என்று அவர்களே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், சாப்பிடப் போ.

முடிந்தால் அதற்கு முன்னால் எனக்கு ஒலிப்பதிவு செய்து அனுப்பு. வீடியோ வேண்டாம். உன் முகத்தைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பாத்திரத்தின் பெயரையும் சொல்லாதே. சின்னவனை உட்கார வைத்துக் கேட்கச் சொல்கிறேன். அவன் யாரென்று கண்டுபிடித்துவிட்டால் தைரியமாகப் போ.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்