பயிற்சி நேரமும் வேலை நேரம்தான்: விலங்கு மருத்துவமனை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களே, நிர்வாகிகளே,

வணக்கம். என்னோடு கால்நடைச் செவிலியர் பயிற்சியில் இருந்த தோழி சென்ற வாரம் விலகிவிட்டாள். படிப்பு முடிய நான்கே மாதம் பாக்கி. வாடகை கட்ட முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். விலங்குகள் மேல் இருந்த பாசம் குறைந்து அவள் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளத்தைப் பற்றி நாங்கள் வாய் திறக்கும்போதெல்லாம் பாசத்தைத்தானே எங்களுக்கு நினைவூட்டுகிறீர்கள்.

அவள் கடைசியாகப் பார்த்த கேஸ், குடலில் நூல் சிக்கிய ஒரு பூனை. இரவில் அவசர ஆபரேஷன். மருத்துவரின் கவனம் முழுக்கக் குடலில் இருந்தது. மயக்கத்தில் கிடந்த பூனையைக் கண்காணிக்கும் பொறுப்பு இவளிடம். 5 நிமிடத்துக்கு ஒருமுறை இதயத் துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், உடல் சூடு என்று எழுதிக்கொண்டே வந்தாள். ஈறை விரலால் அழுத்தி விட்டால், வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. அதைக் கண்டு சொன்னது அவள்தான். மருத்துவர் உடனே மயக்க மருந்தைக் குறைத்தார், ட்ரிப்ஸைக் கூட்டினார். பூனை பிழைத்தது. அது தலை தூக்கும்வரை வெதுவெதுப்பான போர்வையைச் சுற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது விடிந்திருந்தது.

அந்த 6 மணி நேரம் சம்பளக் கணக்கில் ஏறவில்லை. கேட்டதற்கு, "கத்துக்கத்தானே இருந்தே?" என்றார்கள்.

கற்றுக்கொண்டாள், உண்மைதான். வேலையும் செய்தாளே? அந்த ஆபரேஷனுக்கு வாங்கிய கட்டணத்தில் பயிற்சி ஆள் என்று யாருக்கும் தள்ளுபடி தரவில்லையே? பயிற்சி நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இது சில வாரத்தில் பழகிவிடும் வேலை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிரிட்டனில் 1961-இலேயே இதற்கு முறையான பயிற்சித் திட்டம் வந்துவிட்டது. இன்று அங்கே பதிவு பெற வேண்டுமானால், படிப்போடு 1,800 மணி நேரம் மருத்துவமனையில் நின்று பழக வேண்டும். பதிவான பிறகும் ஆண்டுக்கு 15 மணி நேரம் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனைக்கும் 'வெட்டரினரி நர்ஸ்' என்ற பெயருக்கு அங்கேகூடச் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஒரு நாளும் பயிற்சி எடுக்காதவர் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டாலும் தடுக்கச் சட்டம் இல்லை. பெயருக்கே மதிப்பில்லாத இடத்தில் சம்பளத்துக்கு எங்கிருந்து மதிப்பு வரும்? ஆள் கிடைக்கவில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் வருந்துகிறீர்கள். கிடைத்த ஆளைப் பட்டினி போட்டுவிட்டு வருந்தி என்ன பயன்?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். பணிவாகவே கேட்கிறேன். ரத்தம் எடுப்பது, எக்ஸ்ரேக்கு நாயைப் பிடித்துப் படுக்க வைப்பது, கருவிகளைக் கிருமி நீக்குவது, இரவில் கூண்டுக்குக் கூண்டு போய்ப் பார்ப்பது என்று நாங்கள் உங்களுக்காகச் செய்யும் ஒவ்வொரு மணி நேரத்தையும் வேலை நேரமாக எழுதுங்கள். பயிற்சி முடித்தவருக்கு அந்தத் தகுதிக்கேற்ற ஊதியம் கொடுங்கள்.

என் தோழியின் பயிற்சிப் பதிவேடு இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. அந்த 6 மணி நேரத்துக்கான பணத்தை அவளுக்கு அனுப்பி, திரும்பி வரச்சொல்லிக் கூப்பிடுங்கள். மீதி நான்கு மாதத்தை அவள் முடித்துவிடுவாள்.

பணிவுடன்,
பயிற்சியில் இருக்கும் ஒரு கால்நடைச் செவிலியர்