டர்பனில் சட்டம் இருக்கிறது, எடுத்துச் சொல்ல ஆள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் நம்மவர்களுக்குச் சட்ட உதவியே கிடையாது என்கிறார்கள். இருக்கிறது, ஆனால் இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு. குற்ற வழக்கு என்றால் அரசியல் சட்டத்தின் 35வது பிரிவுப்படி புரிகிற மொழியில் விசாரிக்க வேண்டும், முடியாவிட்டால் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். சரி, வேலை போனவனுக்கு? சிசிஎம்ஏ என்கிற தொழில் தகராறு ஆணையத்தில் புகார் கொடுக்கக் காசு வேண்டாம், ஆனால் புகார் எழுதிக் கொடுக்கிற அந்த 7.11 படிவத்தைப் பாருங்கள், ஆட்சிமொழிகள் தவிர வேறு மொழி என்றால் மொழிபெயர்ப்பாளரை உங்கள் செலவில் கூட்டி வாருங்கள் என்று போட்டிருக்கிறது. இத்தனைக்கும் மதித்து வளர்க்க வேண்டிய மொழிகள் என்று அரசியல் சட்டத்தின் 6வது பிரிவு சொல்லும் வரிசையில் தமிழும் இருக்கிறது!

எனக்குத் தெரிந்த ஒரு சமையல்காரர், தஞ்சாவூர்ப் பக்கம். முதலாளியும் நம்மாள்தான், அதுதான் கொடுமை. ராத்திரி கடை அடைக்கிற நேரத்தில் ஒரு பேப்பரை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கேட்டால் "சம்பளக் கணக்குன்னு சொன்னாங்கண்ணே" என்கிறார். வாங்கிப் பார்த்தேன், சொந்த விருப்பத்தில் வேலையை விடுகிறேன், பாக்கி எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. வேலை பெர்மிட் முடிந்துவிட்டதால் புகார் கொடுக்கப் போனால் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்து வாயே திறக்கவில்லை. பெர்மிட் இல்லாவிட்டாலும் தொழிலாளி தொழிலாளிதான், சிசிஎம்ஏவுக்குப் போகலாம் என்று தொழிலாளர் நீதிமன்றம் 2008லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவருக்கு இது தெரிய வந்தபோது புகார் கொடுப்பதற்கான 30 நாள் கெடு தாண்டிவிட்டது. இனி தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனியாக மனுப் போட வேண்டும், அதுவும் இங்கிலீஷில்.

1894இல் பல் உடைந்து ரத்தம் ஒழுக வந்து நின்ற பாலசுந்தரம் என்கிற ஒப்பந்தக் கூலியின் கதை காந்திக்குப் புரிந்ததே, அவருடைய ஆபீஸ் குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரிந்திருந்ததால்தான். இன்று டர்பனில் நம் வம்சாவளி வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை, பலருக்குத் தமிழ் வராது. தமிழ் பேசுகிற புது ஆட்களுக்கோ சட்டம் தெரியாது. இங்கே நம்மவர்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் கோயில் கமிட்டிகள் ஞாயிற்றுக்கிழமை ஒரு வக்கீலையும் தமிழ் தெரிந்த ஒருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் என்ன? அன்னதானத்துக்கு ஆள் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமா? பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆட்களின் கதையும் இதேதான், அவர்கள் மொழி தெரிந்தவர்களையும் கூப்பிடலாம்.

அதுவரை, ஊரிலிருந்து இதைப் படிக்கிற வீட்டுக்காரர்கள் இங்கே இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். புரியாத பேப்பரில் கையெழுத்துக் கேட்டால் முதலில் அதை போனில் படம் எடுத்து, இங்கிலீஷ் தெரிந்த யாருக்காவது அனுப்பட்டும்.

ஒரு வாசகர், டர்பன்